ஒலியின் பண்பு கண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ்

வீணையையும் குழலையும் ஒரே சுருதியிற் சேர்த்து, ஒரே ஸ்வரத்தை ஒரே அளவு உரக்க ஒலிக்கச் செய்தாலும், இது வீணை, இது குழல் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். இருளில் நின்று ஒருவர் நம்மை அழைப்பாராயின், முகங் காணாமலே அவர் இன்னாரென்று அறிந்துகொள்ளுகின்றோம். இவை நமக்குப் பழகிப்போன செய்திகளாதலின், இவற்றில் வியப்பதற்கு யாதும் இல்லையென்று எண்ணிவிடுகின்றோம். ஆயின், ஒலிபெருக்கி வாங்கக் கடைக்குச் செல்லும் ஒருவர்முன் இதே செய்தி ஒரு பெரும் புதிராக வந்து நிற்கின்றது. அவர்முன் இரண்டு ஒலிபெருக்கிகள் வைக்கப்படுகின்றன. 8 ஓம் தடை, 50 வாட் ஆற்றல், வினாடிக்கு 60 முதல் 20,000 வரை அதிர்வு என்று இரண்டின் பின்புறத்துச் சீட்டும் ஒரே எண்களைக் கூறுகின்றன. ஆயினும் ஒன்றில் பாடகரின் குரல் எதிரே இருந்து பாடுவதுபோலத் தெளிந்து வருகின்றது. மற்றொன்றில் அதே குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல முழங்குகின்றது. எண்கள் ஒன்றாயிருக்க ஓசை வேறாவது யாங்ஙனம்?

இவ்வினாவின் ஆணிவேரைக் கண்டு விடை கூறியவர், இன்று நாம் காணும் ஒலிபெருக்கி உலகில் தோன்றுவதற்கு முன்னரே மறைந்த ஒரு ஜெர்மானிய அறிஞர். அவர் வைத்தியராய்ப் பயின்று, உடற்கூற்று ஆசிரியராய்ப் புகழ்பெற்று, பௌதிகப் பேராசிரியராய் வாழ்வை முடித்தவர். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அப்பெருமகனாரின் வரலாறு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது.

பிறப்பும் இளமையும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் தலைநகராகிய பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் மொழியும் தத்துவமும் கற்பித்த ஆசிரியர். கல்வியிற் செல்வரே யன்றிப் பொருளிற் செல்வரல்லர். ஹெர்மன் குழந்தைப் பருவத்தில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டுப் பல நாட்களைப் படுக்கையிலேயே கழித்தார். மரக்கட்டைகளை அடுக்கி விளையாடுவதே அக்காலத்தில் அவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு. பின்னர்ப் பள்ளியிற் க்ஷேத்திர கணிதம் பயிலத் தொடங்கியபோது, அதன் உண்மைகள் பலவற்றை அவர் முன்னமே அறிந்திருத்தலைக் கண்டு ஆசிரியர்கள் வியந்தனர். அவை அம்மரக்கட்டைகள் கற்பித்த பாடங்கள்.

எல்லாப் பாடங்களிலும் அவர் முதல்வராய் விளங்கினார் என்று கூறுவதற்கில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்களையும் இலக்கண விதிவிலக்குகளையும் மனப்பாடஞ் செய்வது அவருக்கு மிகவும் கடினமாயிருந்தது. வகுப்பில் லத்தீன் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, மேசைக்கடியில் தொலைநோக்கியினூடே ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பார். பௌதிகமே அவர் உள்ளம் நாடிய துறை. ஆயின், பல மக்களைப் பெற்ற ஓர் ஆசிரியர் தம் மகனைச் சர்வகலாசாலைக்கு அனுப்பிப் பௌதிகம் பயிற்றும் நிலையில் இல்லை.

அந்நாளிற் பெர்லினில் சேனை வைத்தியர்களைப் பயிற்றும் அரசாங்கக் கலாசாலை ஒன்று இருந்தது. அங்கே கல்வி இலவசம். அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் 8 ஆண்டுகள் சேனையில் வைத்தியராய் ஊழியஞ் செய்தல் வேண்டும். தந்தையார் காட்டிய அவ்வழியைத் தவிர வேறு வழி இல்லாமையால், 1838-ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் அங்குச் சேர்ந்தார். பியானோ ஒன்றையும் உடன்கொண்டு சென்றார். பகலெல்லாம் பிணக்கூறு பார்த்தலும் நோய்க்குறி அறிதலுமாய்க் கழித்த மாணவர், மாலையில் மோஸார்ட், பேதோவன் ஆகியோரின் இசையில் இளைப்பாறினார். விரும்பியது கிட்டாமல், கிட்டியதை மேற்கொண்ட இம்முடிவே, பின்னாளில் வேறெவரும் செய்தற்கரிய செயலை அவர் செய்யக் காரணமாயிற்று. அதன் விவரம் பின்னர் விளங்கும்.

1841-ஆம் ஆண்டில் அவர் விஷஜுரத்தால் பீடிக்கப்பட்டு மருத்துவசாலையிற் கிடந்தார். மாணவராதலின் சிகிச்சைக்குச் செலவில்லை. கிடந்த நாட்களில் உணவுச் செலவும் மிச்சமாயிற்று. அவ்வாறு சேர்ந்த சிறு தொகையைக் கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அஃது உயர்ந்த கருவியன்று. ஆயினும் அதைக்கொண்டே நரம்பிழைகள் நரம்பு அணுக்களினின்றே தோன்றுகின்றன என்பதை முதுகெலும்பில்லாப் பிராணிகளிற் கண்டு, 1842-ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

சேனை வைத்தியர்

1843-ஆம் ஆண்டு முதல் போட்ஸ்டாம் படைவீட்டில் அவருக்கு ஊழியம். விடியற்காலை எக்காளம் ஊதியவுடன் எழுந்து குதிரை வீரர்களின் காயங்களைக் கவனிப்பார். ஓய்ந்த நேரங்களில் அப்படைவீட்டின் ஓர் அறையிலேயே சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துத் தவளைத் தசைகளை ஆராய்வார். தசை சுருங்கும்போது வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதே அவரை வருத்திய வினா. அதற்கு விடை தேடிச் சென்றவர், பிரபஞ்சம் முழுமைக்கும் உரிய ஒரு பேருண்மையைக் கண்டார். சக்தி உருமாறுமே யன்றி அழியாது, புதிதாய்த் தோன்றவுந் தோன்றாது என்னும் கொள்கையைக் கணித முறையில் விரித்து, 1847-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் நாள் பெர்லின் பௌதிகக் கழகத்தின்முன் படித்தார். அப்போது அவருக்கு வயது 26 நிறையவில்லை. அக்காலத்தில் பெயர்பெற்ற பௌதிகப் பத்திரிகை அக்கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே தனிச் சிறுநூலாக அதை வெளியிட்டார். இன்று அந்நூலின் சாரத்தைப் பயிலாத பௌதிக மாணவர் எந்நாட்டிலும் இல்லை.

அவர் அருமையை உணர்ந்த பெரியோர் முயன்று, 1848-ஆம் ஆண்டில், ஒப்பந்த காலம் முடியுமுன்பே அவரைச் சேனையினின்று விடுவித்தனர். மறு ஆண்டில் கேனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் உடலியல் ஆசிரியரானார். ஓல்கா என்னும் பெண்மணியை மணந்ததும் அவ்வாண்டிலேதான்.

கேனிக்ஸ்பெர்க்கில் அவர் செய்த இரண்டு செயல்கள் போற்றத்தக்கன. நரம்பில் உணர்ச்சி செல்லும் வேகத்தை எக்காலத்தும் அளக்க இயலாது என்பது அவர்தம் ஆசிரியராகிய ஜொஹான்னஸ் முல்லரின் துணிபு. மாணவர் அதை 1850-ஆம் ஆண்டில் தவளையின் நரம்பில் அளந்தே காட்டினார். அது வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியின் வேகத்தைக் காட்டிலும் மிகக் குறைவு. அடுத்து, உயிருள்ள மனிதர் கண்ணின் உட்புறத்தைக் காணும் கண்நோக்கியை அமைத்து 1851-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கண் வைத்தியம் இன்றுள்ள நிலையை அடைந்தது அக்கருவியால் என்று கூறின் மிகையாகாது.

ஒலி ஆராய்ச்சி

ஓல்கா அம்மையாருக்கு நுரையீரல் நோய் கண்டது. கேனிக்ஸ்பெர்க்கின் கடுங்குளிர் அவருக்கு ஒவ்வாமையால், 1855-ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பேதோவன் பிறந்த பான் நகரத்தின் சர்வகலாசாலைக்கு மாறினார். 1858-ஆம் ஆண்டில் ஹைடல்பெர்குக்குச் சென்றார். 1859-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மிகக் கொடியது. அவ்வாண்டில் தந்தையார் இறந்தார். ஆண்டின் இறுதியில் மனைவியார் இரண்டு இளங்குழந்தைகளை விட்டு மறைந்தார். ஒலியைப் பற்றிய அவருடைய பேராராய்ச்சி இவ்வாண்டுகளிலேதான் நடைபெற்றது. இல்லத்தில் நோயும் துயரமும் சூழ்ந்திருக்க, ஆய்வுக்கூடத்தில் அவர் இன்னோசையின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1861-ஆம் ஆண்டில் ஆனா என்னும் அம்மையாரை மறுமணம் புரிந்தார்.

ஒலிக்கு உரம், சுருதி, பண்பு என மூன்று இயல்புகள் உண்டு. அதிர்வின் வீச்சு மிகுந்தால் உரம் மிகும். வினாடிக்கு நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை மிகுந்தால் சுருதி உயரும். இவ்விரண்டும் முன்னமே தெளிவாயிருந்தன. வீணையையும் குழலையும் வேறுபடுத்தும் மூன்றாவது இயல்பாகிய பண்பு எதனால் உண்டாகிறது என்பதே விளங்காதிருந்தது. அதிர்வின் வடிவம் அதற்குக் காரணமாகலாம் என்று சிலர் கருதினரேயன்றி, வடிவம் எவ்வாறு செவிக்குப் புலனாகிறது என்பதை ஒருவரும் நிலைநாட்டவில்லை.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இழுத்துக் கட்டிய தந்தி ஒன்று வினாடிக்கு 100 முறை அதிரும்போது, அதே காலத்தில் இரு பாதிகளாய்ப் பிரிந்து 200 முறையும், மூன்று கூறுகளாய்ப் பிரிந்து 300 முறையும், மேலும் 400, 500 முறைகளும் அதிர்கின்றது. 100 என்பது அடிச்சுரம்; ஏனையவை மேற்சுரங்கள். நாம் ஒரே ஸ்வரம் என்று கேட்பது உண்மையில் ஒரு கூட்டம். எத்தகைய அலையாயினும் அது மீண்டும் மீண்டும் நிகழுமாயின் அதனை எளிய அலைகளாகப் பகுக்கலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். செவியும் அவ்வாறே பகுத்துணர்கிறது என்று, மின்தடை விதியாற் புகழ்பெற்ற ஓம் என்பவர் 1843-ஆம் ஆண்டில் கூறினார். ஆனால் அக்கூற்று வன்மையாக மறுக்கப்பட்டு, ஏற்பாரின்றிக் கிடந்தது.

கூட்டத்தினின்று ஒவ்வொரு மேற்சுரத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டினாலன்றி எவரும் நம்பார் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் உணர்ந்தார். அதற்கென அவர் அமைத்த கருவி மிக எளியது. வெறும் புட்டியின் வாயில் குறுக்கே ஊதினால் ஒரு சுருதி எழுகின்றது. புட்டியிற் சிறிது நீர் வார்த்து ஊதினால் சுருதி உயர்கின்றது. உள்ளிருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் அச்சுருதியைத் தீர்மானிக்கின்றன. அவ்வொரு சுருதி வெளியில் எங்கேனும் எழுந்தால், புட்டியினுள்ளிருக்கும் காற்றும் உடன் அதிரும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கண்ணாடியாலும் பித்தளையாலும் பல அளவுகளில் உருண்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒருபுறம் அகன்ற வாயும், மறுபுறம் செவியிற் பொருந்தும் சிறு மூக்கும் அமைத்தார். ஒரு செவியை அடைத்துக்கொண்டு, மற்றச் செவியில் உருண்டையின் மூக்கை மெழுகால் இறுகப் பொருத்திக் கேட்கும்போது, அவ்வுருண்டைக்குரிய மேற்சுரம் இசையில் உளதாயின் ஓங்கி ஒலிக்கும், இலதாயின் ஒலியாது. இசைப் பயிற்சி சிறிதும் இல்லாதவரும் இதனால் மேற்சுரங்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கக் கூடியதாயிற்று.

இவ்வாறு பல கருவிகளையும் ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. மெல்ல ஊதிய குழலில் அடிச்சுரமே மேலோங்கி, மேற்சுரங்கள் அருகியிருந்தன. ஆதலின் அதன் ஓசை மென்மையாயிற்று. பிடிலில் மேற்சுரங்கள் பல செறிந்திருந்தன. ஆதலின் அது கூர்மையுடன் ஒலித்தது. கிளாரினெட்டின் தாழ்ந்த ஸ்வரங்களில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படைச் சுரங்களே வலுத்திருந்தன. அதனால் அதற்கு உட்குழிந்தது போன்றதோர் ஓசை அமைந்தது. மேற்சுரங்களுள் எவை உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையுடையது என்பதே பண்பு என்று அவர் முடிவு செய்தார்.

பகுத்துக் காட்டியதோடு அவர் அமையவில்லை. பகுத்தவற்றை மீண்டும் சேர்த்து முந்திய ஓசையை உண்டாக்கினாலன்றி நிரூபணம் முற்றுப்பெறாது என்று கருதினார். மேற்சுரங்களுக்கு ஏற்ற வரிசையில் இசைக்கவைகளை நிறுத்தி, மின்காந்தங்களால் அவற்றை இடைவிடாது அதிரச் செய்தார். ஒவ்வொரு கவைக்கும் எதிரே அதற்குரிய ஒத்ததிர்வுக் குழாய் ஒன்றும், அதன் வாய்க்கு ஒரு மூடியும் இருந்தன. மூடியிருக்கும்போது கவையின் ஓசை கேட்பதே அரிது. திறக்கத் திறக்க அது வலுக்கும். சாவிகளை அழுத்தி இம்மூடிகளை வேண்டிய அளவு திறந்தபோது, உயிரற்ற அவ்விரும்புக் கவைகளினின்று ஊ, ஓ, ஆ என்னும் மனிதக் குரலின் உயிரொலிகள் எழுந்தன! அடிச்சுரம் மாறவில்லை, மேற்சுரங்களின் விகிதம் ஒன்றே மாறியது.

அவர் காட்டிய மற்றொரு சோதனை, பியானோ உள்ள எவ்விடத்தும் செய்து பார்க்கத் தக்கது. தந்திகளை அமுக்கும் கட்டைகளைத் தூக்கிவிட்டு, பியானோவின் உட்புறம் நோக்கி ஆ என்று உரக்கப் பாடி நிறுத்தினால், பியானோ ஆ என்றே மறுமொழி கூறும். நம் குரலிலுள்ள ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய தந்தி உடனதிர்வதே காரணம். நம் உட்செவியும் இத்தகைய பியானோவே என்று அவர் கருதினார். நத்தைக்கூடு போலச் சுருண்ட அவ்வுறுப்பினுள் விரிந்துள்ள சவ்வின் இழைகள், ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கு உடனதிர்ந்து, தன்தன் நரம்பின் வாயிலாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன என்றார்.

அலையின் கணிதம் அறிந்த பௌதிகர் அக்காலத்துப் பலர் இருந்தனர். செவியின் அமைப்பை அறிந்த வைத்தியரும் பலர். இசை நுட்பம் அறிந்தோரும் பலர். மூன்றையும் ஒருங்கே அறிந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸைப் போல் மற்றொருவர் இலர். வறுமை அவரை வைத்தியத்தில் தள்ளாதிருந்தால், செவியின் உட்புறத்தை அவர் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

நூலும் அதன் பயனும்

இவ்வாராய்ச்சிகள் அனைத்தையும் திரட்டி, ஒலியுணர்ச்சியைப் பற்றிய பெருநூலாக 1863-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1875-ஆம் ஆண்டில் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர் அதனை மொழிபெயர்த்தார். இந்த எல்லிஸின் வாயிலாகவே, அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் என்னும் இளைஞர் இசைக்கவைச் சோதனையைப்பற்றி முதலில் அறிந்தார். ஜெர்மன் மொழியில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. ஆகவே, ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிரொலிகளைக் கம்பி வழியே ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று பொருள் கொண்டார். உயிரொலி செல்லுமாயின் மெய்யொலியும் செல்லுமன்றோ என்று முயன்றார். 1876-ஆம் ஆண்டில் தொலைபேசி பிறந்தது. தவறாகப் படித்த ஒரு பக்கத்தினின்று இத்தகைய நன்மை விளைந்தது விந்தையே.

நம் நாட்டிலும் அந்நூல் ஒரு பெரு விளக்கை ஏற்றியது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டிற் பிறந்த சர் சந்திரசேகர வேங்கடராமன், தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதனை மதித்தார். வில்லால் இழுக்கப்படும் பிடில் தந்தியில் ஒரு கூரிய முனை ஓடிச்சுற்றி வருவதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் அமைத்த நுண்ணோக்கியாற் கண்டிருந்தார். ராமன் அதை மேலும் விரித்து 1918-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். மேற்சுரங்களைப் பற்றிய அதே நோக்குடன் மிருதங்கத்தையும் ஆராய்ந்தார். வெறுந்தோலை முழக்கினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே நம் முன்னோர் அப்பிவைத்த கரிய சாந்தின் பாரத்தால், அவை அடிச்சுரத்தின் 2, 3, 4, 5 மடங்குகளாய் இசைந்து வருகின்றன என்பதை 1920-ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் கூற்று முழுவதும் மாறாமல் நிற்கின்றதென்று கூறுதல் பொருந்தாது. சுரங்களின் அலைகள் சிறிது முன்பின்னாகப் புறப்பட்டாலும் பண்பு மாறாது என்று அவர் கருதினார்; பாரிஸில் வாழ்ந்த கருவி வினைஞர் கேனிக் அதை மறுத்தார். சிறிது மாறுதல் உண்டு என்பதே பின்னைய ஆராய்ச்சியின் முடிபு. ஓசை தொடங்கும் கணத்தில் மேற்சுரங்கள் எவ்வாறு எழுந்து வளர்கின்றன என்பதும் பண்பை அறிதற்கு இன்றியமையாதது என்று இன்று அறிகின்றோம். உட்செவியிலும் இழைகள் தனித்தனித் தந்திகளாய் அதிர்வதில்லை. சவ்வின்மீது அலை ஓடி, சுருதிக்கேற்ற ஓரிடத்தில் ஓங்குகின்றது. இதனைக் கண்ட பேக்கேஷி 1961-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் ஒவ்வொரு சுருதிக்கும் செவியில் ஓரிடம் உண்டு என்னும் அடிப்படைக் கருத்து இன்றளவும் நிலைபெற்றுள்ளது.

இறுதி நாட்கள்

1871-ஆம் ஆண்டில் பெர்லின் சர்வகலாசாலை அவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது. பதினேழாம் வயதில் வறுமை மூடிய கதவு ஐம்பதாம் வயதில் திறந்தது. வானொலிக்கு அடிப்படையான மின்காந்த அலைகளைக் கண்ட ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அவர் மாணவர். 1888-ஆம் ஆண்டில், அளவைகளைத் திட்டப்படுத்துவதற்கென நிறுவப்பட்ட ஏகாதிபத்தியப் பௌதிகக் கழகத்தின் முதல் தலைவரானார். ஓர் ஓம் எவ்வளவு என்று வரையறுப்பது போன்ற நுண்ணிய வேலைகள் அவர் மேற்பார்வையில் நடந்தன.

முதுமையிலும் துன்பம் அவரைத் தொடர்ந்தது. பௌதிகம் பயின்ற மகன் ராபர்ட் 1889-ஆம் ஆண்டில் இறந்தார். தம் மாணாக்கருள் முதல்வராகிய ஹெர்ட்ஸ் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, 36 வயதில் மறைந்தார். அம்மாணவரின் கடைசி நூலுக்கு முன்னுரை எழுதும் கடமையை ஆசிரியர் ஏற்றார். 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மின்சார மாநாட்டுக்குச் சென்று திரும்புகையில் கப்பலின் படிகளில் விழுந்து காயமுற்றார். அதன்பின் உடல் தளர்ந்தது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

ஒலிபெருக்கியின் புதிர்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இன்று பெரும்பாலும் வழங்கும் சுருட்கம்பி ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கர்கள் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மின்னோட்டம் கம்பிச் சுருளை அசைக்க, சுருள் ஒரு கூம்பை அசைக்க, கூம்பு காற்றை அசைக்கின்றது. மின்னோட்டத்தில் உள்ள சுரங்களின் விகிதம் காற்றிலும் அவ்வாறே இருக்குமாயின், பாடகரின் குரல் பாடகரின் குரலாகவே கேட்கும். விகிதம் சிறிது மாறினாலும் பண்பு மாறும். இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட நெறி.

சீட்டிலுள்ள எண்கள் அவ்விகிதத்தைப் பற்றி என்ன கூறுகின்றன? 60 முதல் 20,000 வரை என்பது இரு கரைகளைக் காட்டுகின்றதேயன்றி, இடையே ஆறு சமமாய் ஓடுகின்றதா, மேடும் பள்ளமுமாய் ஓடுகின்றதா என்பதைக் காட்டவில்லை. செவி மிகக் கூர்மையாயிருக்கும் 2,000 முதல் 4,000 வரையுள்ள பகுதியில் ஒரு கருவி சற்று ஓங்கி ஒலிக்குமாயின், குரலின் மேற்சுரங்கள் அங்கு மிகுந்து ஓசை உறைக்கும். தாழ்ந்து ஒலிக்குமாயின் மழுங்கும். 50 வாட் என்பது கருவி கெடாமல் தாங்கும் ஆற்றலைக் குறிப்பது, இனிமையைக் குறிப்பதன்று. 8 ஓம் என்பதும் பெயரளவில் ஓர் எண்ணே. உண்மையில் அத்தடை சுருதிக்குச் சுருதி ஏறியும் இறங்கியும் வரும்.

கூம்பு தாழ்ந்த சுருதிகளில் முழுவதும் ஒன்றாய் முன்னும் பின்னும் அசைகின்றது. உயர்ந்த சுருதிகளில் அதன் பகுதிகள் வெவ்வேறாய் அதிரத் தொடங்குகின்றன. காகிதம், பிளாஸ்டிக், உலோகம் ஆகிய ஒவ்வொன்றும் அப்போது தன்தன் குணத்தைக் காட்டும். மிக வருந்தி அசையும் கூம்பு, 100 அதிர்வுள்ள சுரத்தைக் கொடுத்தால், கொடுக்காத 200, 300 ஆகியவற்றையும் தானே படைத்துச் சேர்த்துவிடுகின்றது. பெட்டியின் பலகைகளும் உடனதிர்ந்து தம் குரலையும் கலக்கின்றன. பல பெட்டிகளில் முன்புறமோ பின்புறமோ ஒரு துளைக்குழாய் இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அது வேறன்று, ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் செவியில் வைத்துக் கேட்ட பித்தளை உருண்டையே அங்குப் பெட்டியாய் வந்திருக்கின்றது. பெட்டியினுள் காற்றின் அளவும் குழாயின் நீள அகலங்களும் நன்கு பொருந்தினால், தாழ்ந்த சுரங்கள் வலுவும் தெளிவும் பெறும். பொருந்தாவிடில் எப்பாட்டிலும் ஒரே சுருதி முழங்கிக்கொண்டிருக்கும். குடத்துக்குள் பாடுவது போன்ற ஓசை அதனாலும் எழும்.

இவற்றோடு அறையும் சேர்கின்றது. உயர்ந்த சுரங்கள் குறுகிய கற்றையாய் நேரே செல்ல, தாழ்ந்தவை எங்கும் பரவுகின்றன. சுவரிற் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து செவியை அடைகின்றது. ஆகவே ஒரே ஒலிபெருக்கி கடையில் ஒருவிதமாகவும் வீட்டில் வேறுவிதமாகவும் ஒலிப்பதுண்டு. மேலும், இரண்டில் சிறிது உரத்து ஒலிப்பதையே செவி நல்லதென்று மயங்கும். இரண்டையும் ஒரே உரத்திற் சமன் செய்த பின்னரே ஒப்பிடுதல் முறை.

இதனால் அளவைகள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. கருவியின்முன் நேரிலும் பக்கத்திலும் நின்று ஒவ்வொரு சுருதியிலும் எழும் ஒலியை அளந்து, அது தானே படைக்கும் சுரங்களையும், நின்ற பின்னும் நீடிக்கும் அதிர்வையும் அளந்து வரைந்தால், செவி கண்ட வேற்றுமையிற் பெரும்பகுதி அவ்வரைபடத்திற் காணப்படும். அளவைகளுக்கென ஏற்பட்ட பெருங்கழகத்துக்கே தலைவராயிருந்தவர் அளவையை இகழ்ந்தவரல்லர். இரண்டு பொருள்கள் அளவில் ஒத்திருந்தும் செவிக்கு வேறாய்த் தோன்றுமாயின், செவியையும் அவர் பழிக்கவில்லை, அளவையையும் பழிக்கவில்லை. இன்னும் அளக்கப்படாதது ஏதோ ஒன்று உளது என்று கருதி, அதை அளப்பதற்கு ஓர் உருண்டையைச் செய்துகொண்டார்.

மாணவ நண்பர்காள்! தேர்வு முடிந்தபின் நம் ஒவ்வொருவர் கையிலும் சில எண்கள் அடங்கிய சீட்டு ஒன்று தரப்படுகின்றது. ஒரே எண்களைப் பெற்ற இருவர் ஒரே தன்மையரல்லர் என்பதை நாம் அறிவோம். லத்தீன் சொற்களை மனப்பாடஞ் செய்ய மாட்டாத போட்ஸ்டாம் மாணவரின் சீட்டு, மரக்கட்டை விளையாட்டையும், நோயில் மிச்சமான காசில் வாங்கிய நுண்ணோக்கியையும், மாலை நேரத்துப் பியானோவையும் குறித்திராது. அவரை ஏனையோரினின்று வேறாக்கியவை அவையே. நம் சீட்டிலும் குறிக்கப்படாதவை பல உள்ளன. அவற்றைப் பேணி வளர்ப்பது நம் கடமையாகும்.